கண்கட்டிக்கு உரிமைக்காரர்

ஒரு துண்டு நாமக்கட்டியை வைத்து ஊருக்கே நாமம் போடப் பார்த்தது ஒரு மருந்துக் கம்பெனி. அதை இழைத்துப் பூசினால் கண்கட்டி அமுங்கும் என்பது தன் கண்டுபிடிப்பாம். அதற்குக் காப்புரிமை வேண்டுமாம். கொடுத்துவிட்டால் வேறு யாரும் அதை மருந்தென்று விற்க முடியாது. தென்காசியில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்த இசக்கியம்மாள் விடுவாளா? ஆட்சேபித்து மனுப் போட்டுவிட்டு, சென்னைக்கு ரயிலேறினாள்.

விசாரணைக்குக் கம்பெனி மேலாளர் ஜெகந்நாதன் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகக் காப்புரிமை அதிகாரி முன்னால் வந்து நின்றார்.

"இந்தப் பக்குவம் எங்க கம்பெனியைத் தாண்டி ஈ காக்காய்க்குத் தெரியாது. மருந்து இன்னும் வெளியவே வரலை. வேற யாருக்காவது தெரியும்னா, இந்தம்மா இப்பவே அத்தாட்சி காட்டட்டும்!"

இசக்கியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே, கன்னத்தில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்திருந்தது.

"சார், அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழத்துங்களேன்."

அவர் முறைத்தார். அதிகாரியும் சொல்லவே, வேறு வழியில்லாமல் கழற்றினார். வலது இமை புடைத்துக் கண்ணைப் பாதி மூடியிருந்தது. அதன்மேல் அப்பியிருந்தது நாமக்கட்டி.

"உங்க மருந்துதான் வெளிய வரலையே, இதை யாரு போட்டுவிட்டது?"

"வீட்ல... மாமியார். கண்கட்டி வந்தா அவங்க எப்பவும் இதைத்தான்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி சிரிப்பை அடக்கமாட்டாமல் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்.

இசக்கியம்மாள் முந்தானையில் முடிந்திருந்த நாமக்கட்டியை எடுத்து ஜெகந்நாதன் கையில் வைத்தாள்.

"காஞ்சு உதிருது சார், இன்னொரு தடவை போடுங்க. அதுக்கு முன்னால மாமியார்கிட்ட அனுமதி வாங்கிக்கிடுங்க!"