ஆம்ப்ளிஃபயருக்குச் சுத்திப் போட்ட பவளக்கொடி

மதனகோபாலுக்குக் கிட்டார் மன்னர் என்று பட்டம். கொடுத்தது அவரேதான். திருவிழா மேடையில் அவர் கம்பியைத் தட்டியதும், புது ஆம்ப்ளிஃபயர் சளி பிடித்த எருமை மாதிரி முனகியது. கூட்டம் சிரித்தது.

“ஸ்பீக்கர் தூக்குறவளைக் கூப்பிடு!” என்று கத்தினார் மன்னர்.

பவளக்கொடி வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஸ்பீக்கர் பெட்டியில் மின்தடை எட்டு ஓம் என்று எழுதியிருந்தது. மன்னரோ வயரைப் பதினாறு ஓம் ஓட்டையில் சொருகியிருந்தார். ஜோடி சேராமல் சத்தம் எப்படிக் கும்மென்று வரும்?

“அண்ணே, வயரு...”

“எனக்கே பாடமா? ஆம்ப்ளிஃபயர்ல உன் கை படக் கூடாது. ஆனா பாட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள சரியாகணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

பவளக்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பழுது இல்லண்ணே, கண்ணு பட்டிருக்கு. உங்க வாசிப்புக்கு ஊரே கண்ணு வைக்குதே! சுத்திப் போடணும். ஆம்ப்ளிஃபயருக்குச் சொந்தக்காரங்க கையால செஞ்சாத்தான் பலிக்கும்.”

மன்னர் முகம் மலர்ந்தது. அவள் சொன்னபடியே சுவிட்சை அணைத்தார், பூஜைத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சுற்றினார், வயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் சொருகினார், சுவிட்சைப் போட்டார். கம்பியைத் தொட்டதும் மேடைப் பலகையே அதிர்ந்தது. கூட்டம் விசிலடித்தது.

“பார்த்தீங்களா, எலுமிச்சம்பழத்தோட மகிமையை!” என்றார் மன்னர்.

டிரம்மர் குனிந்து பார்த்தான். “அட, பெட்டியிலயும் எட்டு, இந்த ஓட்டையிலயும் எட்டு! அப்போ முன்னாடி தப்பா சொருகியிருந்தீங்களாண்ணே?” என்று மைக்கிலேயே கேட்டுவிட்டான்.

மன்னர் பவளக்கொடியை முறைத்தார். “அப்புறம் எலுமிச்சம்பழம் எதுக்கு?”

“வயரை மாத்தினது ஆம்ப்ளிஃபயருக்குண்ணே. எலுமிச்சம்பழம் உங்களுக்கு.”