காலிப் பெட்டியும் நீலப் பெட்டியும்

பெரிய டாக்டர் குணாளனுக்கு ஒரே பெருமை: மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுதிப் போடும் பெட்டியில் மூன்று வருஷமாக ஒரு சீட்டும் விழவில்லை. எப்படி விழும்? எழுத வந்த நர்ஸையெல்லாம், "மருந்துதான் காரணம்னு நிரூபி, அப்புறம் எழுது" என்று விரட்டிவிடுவாரே!

புது ஊசிமருந்து வந்ததிலிருந்து ஆண்கள் வார்டில் ஆளாளுக்குத் தடிப்பு. ஒருவர் மூச்சுத் திணறிப் பிழைத்தது மறுபிறப்பு. வார்டுக் குப்பையைப் பிரிக்கும் செல்லக்கிளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதனைக்கு மேலதிகாரி அம்மா வந்தபோது, டாக்டர் பெட்டியைக் கவிழ்த்தே காட்டினார். "பாருங்க மேடம், இங்க ஒருத்தருக்குக்கூட மருந்து அலர்ஜி கிடையாது."

கண்ணாடிக் குப்பிகள் போடும் நீலப் பெட்டியோடு செல்லக்கிளி முன்னால் வந்தாள்.

"அப்படீன்னா போலீசைக் கூப்பிடுங்கய்யா. இங்க திருட்டு நடக்குது."

"குப்பை அள்ற உனக்கு என்ன பேச்சு? என்ன திருட்டு?"

"அலர்ஜிக்குப் போடுற ஊசிங்கய்யா. இந்த வாரம் மட்டும் நாற்பத்தொரு குப்பி காலி. ஒருத்தருக்கும் அலர்ஜி இல்லன்னா, மருந்தெல்லாம் எங்க போச்சு?"

டாக்டர் கவிழ்த்த பெட்டியை அவசரமாக நிமிர்த்தி வைத்தார்.

அதிகாரி நீலப் பெட்டிக்குள் பார்த்தார், பிறகு நர்ஸ்கள் பக்கம் திரும்பினார். "சந்தேகம் வந்தாலே எழுதுங்கம்மா. நிரூபிக்கிறது எங்க வேலை."

அன்றைக்கே அந்தப் புது ஊசிமருந்து நின்றது. அதுவரை எழுதாமல் விட்டதையெல்லாம் நர்ஸ்கள் எழுதிப் போட்டதில், மறுவாரம் சீட்டுப் பெட்டி மூட முடியாமல் நிறைந்திருந்தது. செல்லக்கிளியின் நீலப் பெட்டியில் அலர்ஜிக் குப்பி ஒன்றுகூட இல்லை.