மூன்று மரத்தில் ‘வர்றேன்’ சொன்ன கொண்டலாத்தி

கருவேலங்காட்டில் மழை பொய்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மண் காய்ந்து கல்லாகிவிட்டது. மண்ணைக் குத்திப் புழு எடுத்துத் தின்னும் கொண்டலாத்திப் பறவைகளுக்கு அலகு தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்தக் காட்டில் சாத்தையன் என்று ஒரு கொண்டலாத்தி இருந்தான். அவன் மனைவி பூவாயி. அவளுக்கு முட்டையிடும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கடலுக்கு அப்பாலிருந்து ஒரு நாரை சேதி கொண்டுவந்தது. பூவாயியின் பெரியப்பா மகன் வீரணன் அனுப்பிய சேதி. அவன் நான்கு வருடத்துக்கு முன்பே அக்கரைத் தீவுக்குப் போய்விட்டவன்.

"மாப்பிள்ளை! இங்க அலகை எங்க வெச்சாலும் புழு! இன்னும் ஏன் அங்க கிடந்து காயிறீங்க? தங்கச்சியக் கூட்டிக்கிட்டுக் கிளம்பி வாங்க!"

சாத்தையன் யோசித்தான். கொண்டலாத்திக்குக் கூடு கட்டத் தெரியாது. மரப்பொந்து கிடைத்தால்தான் முட்டையிட முடியும். ஆகவே அவன் முதலில் போய்ப் பொந்து பார்ப்பது, பத்து நாள் கழித்து நாரைக் கூட்டத்தோடு பூவாயி வருவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

"பொந்து முக்கியம். வந்து இறங்கின உடனே எனக்கு முட்டை வந்துடும், பாத்துக்குங்க" என்றாள் பூவாயி.

"உங்க அண்ணன் அங்க இருக்கறப்ப என்ன கவலை?" என்றான் சாத்தையன்.

தீவில் இறங்கியவுடன் அவன் அசந்துபோனான். மரங்கள் வானத்தை முட்டின. ஈர மண்ணில் புழு நெளிந்தது. ஆனால் எந்த மரத்தை அண்ணாந்து பார்த்தாலும் ஒவ்வொரு பொந்திலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. சில பொந்துகளில் மூன்று தலை!

வீரணன் உயரமான தேக்கு மரத்தில் இருந்தான். சாத்தையனைக் கண்டதும் இறக்கையை விரித்துக்கொண்டு வந்து கட்டிக்கொண்டான்.

"வாங்க மாப்பிள்ளை! உள்ள கூப்பிடலாம்னுதான் பாத்தேன். பொந்து ரொம்பச் சின்னது. வெளிக்கிளையில காத்து நல்லா வரும், அங்கயே படுத்துக்குங்க!"

சாத்தையன் வெளிக்கிளையில் படுத்தான். காற்று நன்றாகத்தான் வந்தது. கூடவே மழையும் வந்தது.

காலையில் இருவரும் பொந்து தேடிக் கிளம்பினார்கள்.

முதலில் ஒரு மரங்கொத்தியிடம் போனார்கள். புதிது புதிதாகப் பொந்து குடைந்து வாடகைக்கு விடுவது அவன் தொழில்.

"அருமையான பொந்து! நேத்துதான் குடைஞ்சேன்" என்றான் மரங்கொத்தி.

சாத்தையன் உள்ளே நுழைந்தான். திரும்ப முடியவில்லை. நுழைந்த மாதிரியே பின்பக்கமாக வெளியே வந்தான்.

"படுக்க இடம் இல்லையே, ஐயா?"

"படுக்கறதா? இந்தத் தீவுல எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் தூங்கறாங்க! பத்துப் புழு பிடிச்சா ஏழு எனக்கு. சம்மதமா?"

பத்தில் ஏழு! மிச்ச மூன்றை வைத்துக்கொண்டு குஞ்சுகளுக்கு என்ன கொடுப்பது? ஆனாலும் ஒருவர் வாசலில் நின்றுகொண்டு முகத்தில் அடித்தாற்போல் பேசும் வழக்கம் அவன் காட்டில் கிடையாது. மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினான்.

"சரிங்க ஐயா. வர்றேன்."

சொல்லிவிட்டுப் பறந்தான். மரங்கொத்தியின் முகம் மலர்ந்தது. டொக் டொக் என்று மரத்தில் இரண்டு கொத்துக் கொத்தி அடையாளம் வைத்தான். வீரணன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வானத்தில் போன ஒரு மேகத்தைப் பார்த்தான்.

அடுத்தது ஒரு கிளியம்மாள். அவள் பொந்து பெரிதாகத்தான் இருந்தது. அவள் வாய் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நாங்க பழம் மட்டும்தான் சாப்பிடறவங்க. நீங்க புழு ஜாதியா?"

"ஆமாம்மா."

"புழுவ வெளியிலேயே தின்னு, அலகத் தொடச்சிட்டுத்தான் உள்ள வரணும். குஞ்சு கத்தக் கூடாது. விருந்தாளி வரக் கூடாது. இன்னொண்ணு, அடை காக்கறப்ப உங்க கூட்டத்துக்கிட்ட ஒரு நாத்தம் வருமாமே?"

சாத்தையனுக்குக் காது சிவந்தது. அது உண்மைதான். முட்டைத் திருடன் அண்டாமல் இருக்கத் தாய்ப்பறவையின் உடம்பில் சுரக்கும் எண்ணெயின் வாடை அது. அதை ஒரு கிளியிடம் எப்படி விளக்குவது?

"வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

"அப்ப வாசல்ல வேப்பிலை போட்டு வெக்கிறேன்! நாத்தத்துக்கு!" என்று கிளியம்மாள் கத்தினாள்.

'இவள் ஏன் வேப்பிலை போடவேண்டும்? நான் வரப்போவதில்லையே!' என்று சாத்தையனுக்குக் குழப்பமாக இருந்தது. வீரணனைப் பார்த்தான். வீரணன் இறக்கையைக் கோதிக்கொண்டே, "பெரிய இடத்துப் பொம்பளைங்க அப்படித்தான் மாப்பிள்ளை, ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க!" என்றான்.

மூன்றாவது ஒரு மைனா. அவன் பொந்தில் ஏற்கெனவே இரண்டு குடும்பம் இருந்தது. சாத்தையனுக்கு ஒரு மூலை என்றான். அந்த மூலையில் ஓட்டை. ஓட்டைக்குக் கீழே ஆறு.

"ஆத்தோரப் பொந்து! இப்படி ஒரு காட்சி எங்க கிடைக்கும்?"

"முட்டை உருண்டு ஆத்துல விழுந்துடுமே, அண்ணே!"

"கெட்டியா உக்காந்து அடை காத்தா ஏன் விழப்போகுது?"

சாத்தையன் பெருமூச்சு விட்டான். அங்கேயும், "சரிண்ணே, வர்றேன்" என்றுதான் விடைபெற்றான்.

ஏழு நாள் ஓடிவிட்டது. பூவாயி கடலைத் தாண்டிக்கொண்டிருப்பாள். சாத்தையனுக்குத் தூக்கம் போயிற்று.

எட்டாம் நாள் பகலில் தனியாகத் திரிந்தபோது, தீவின் மேட்டுப்பக்கம் ஒரு புளியமரத்தைக் கண்டான். அதில் ஒரு கிழ ஆந்தை பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

"பொந்தா தேடறே? என் மக பெரிய தீவுல இருக்கா. அவகிட்டப் போறேன். இது காலிதான். பாத்துக்கோ" என்றது.

சாத்தையன் உள்ளே போனான். படுக்க இடம் இருந்தது. மேலே ஓட்டை இல்லை. அடியில் மெத்தென்று மரத்தூள். ஐந்து முட்டை வைத்துச் சுற்றி உட்காரலாம். அவன் கண் கலங்கிவிட்டது.

"வாடகை எவ்வளவு, ஐயா?"

"நான் என்ன பண்றது உன் புழுவ? நான் எப்பவாவது இந்தப் பக்கம் வந்தா, எலி எங்க நடமாடுதுன்னு கைகாட்டு. அது போதும்!"

சாத்தையன் பறந்துபோய் வீரணனிடம் சொன்னான். "மச்சான்! தெய்வம் கண்ணத் தெறந்துடுச்சு! புளியமரத்து ஆந்தையார் பொந்து கிடைச்சுடுச்சு!"

வீரணனின் கொண்டை ஒருமுறை விரிந்து மடங்கியது. "புளியமரமா? மேட்டுப்பக்கமா? அப்படியா!" என்றான். அன்று மாலை அவன் எங்கெங்கோ பறந்துவிட்டுத் தாமதமாகத்தான் திரும்பினான்.

மறுநாள் காலை சாத்தையன் வீரணனோடு குடியேறப் போனபோது, புளியமரத்தடியில் மரங்கொத்தியும் கிளியம்மாளும் மைனாவும் நின்றார்கள். நடுவில் ஓர் இருவாச்சிப் பறவை உட்கார்ந்திருந்தார். தீவின் வழக்குகளைத் தீர்ப்பவர் அவர்தான். அவர் அலகு சாத்தையன் உடம்பைவிடப் பெரிது.

"இவன் எங்கிட்ட வர்றேன்னு சொன்னான்!" என்றான் மரங்கொத்தி. "நான் அந்தப் பொந்த வேற யாருக்கும் காட்டலே!"

"எங்கிட்டயும் சொன்னான்! வேப்பிலை போட்டு வெச்சுக் காத்திருக்கேன்!" என்றாள் கிளியம்மாள்.

"என் மூலைய ஒரு வாரமா சும்மா போட்டு வெச்சிருக்கேன்!" என்றான் மைனா.

இருவாச்சி சாத்தையனைப் பார்த்தார். "இந்தத் தீவுல ஒரு பொந்து வாசல்ல நின்னு வர்றேன்னு சொன்னா, குடி வர்றேன்னு வாக்குக் கொடுத்ததா அர்த்தம். மூணு வாசல்ல சொல்லியிருக்கே. நீ என்ன மோசக்காரனா?"

சாத்தையன் முன்னால் தத்தி வந்தான். "ஐயா! எங்க காட்டுல கிளம்பறப்ப வர்றேன்னுதான் சொல்லுவோம்! போறேன்னு சொல்ல மாட்டோம்! போறேன்னு சொன்னவங்க திரும்ப மாட்டாங்கன்னு எங்களுக்குப் பயம். அதனால போறதுக்கே வர்றேன்னு சொல்றது எங்க வழக்கம்!"

கூட்டம் சிரித்தது. "போறதுக்கு வர்றேன்னு சொல்ற ஊர் ஒண்ணு இருக்காம்!" என்று மைனா விழுந்து விழுந்து சிரித்தான்.

இருவாச்சி சிரிக்கவில்லை. "இருக்கலாம். உங்க ஊர்க்காரங்க வேற யாராவது இதைச் சொன்னா நான் ஒத்துக்கறேன்" என்றார்.

சாத்தையனுக்கு உயிர் வந்தது. "இதோ என் மச்சான் இருக்காரே! மச்சான், சொல்லுங்க!"

எல்லாரும் வீரணனைப் பார்த்தார்கள். வீரணன் கிளையில் ஒரு காலை மாற்றி வைத்தான். தொண்டையைச் செருமினான்.

"நான் அங்கேருந்து வந்து நாலு வருஷம் ஆச்சுங்க. எனக்குத் தெரிஞ்சு, எங்க ஊர்லயும் வர்றேன்னா வர்றேன்னுதான் அர்த்தம்."

சாத்தையன் வீரணனையே வெறித்துப் பார்த்தான்.

தீர்ப்பு உடனே வந்தது. மீறிய வாக்கு ஒன்றுக்கு ஒரு கொண்டை இறகு. அடுத்த மழைக்காலம் வரை தீவின் எந்த மரத்திலும் அவனுக்குப் பொந்து கிடையாது. மரங்கொத்தி ஒன்றைப் பிடுங்கினான். மைனா ஒன்றைப் பிடுங்கினான். கிளியம்மாள் பிடுங்கியபோது கொஞ்சம் தோலும் வந்தது.

கிழ ஆந்தை வருத்தத்தோடு தலையைத் திருப்பிக்கொண்டது. "எனக்கு உம்மேல கோபமில்லே. ஆனா தீர்ப்ப மீறி நான் கொடுக்க முடியாதுப்பா" என்றது.

கூட்டம் கலைந்தபின் சாத்தையன் வீரணனை வழிமறித்தான். தலையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"ஏன் மச்சான்? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! முதல் நாளே சொல்லியிருந்தா நான் அந்தச் சொல்லையே சொல்லியிருக்க மாட்டேனே!"

வீரணன் தன் தலையைச் சாய்த்துக் காட்டினான். கொண்டையின் பின்பக்கம் நான்கு இறகு இருக்கவேண்டிய இடம் வழுக்கையாக இருந்தது.

"நான் வந்தப்ப எனக்கு யார் சொன்னாங்க? நாலு இறகு கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன். உங்களுக்கு மட்டும் சும்மா கத்துக் கொடுக்கணுமா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஆந்தைப் பொந்து எப்படியும் காலியாத்தான் கிடக்கும். நான் கேட்டு வெச்சிருக்கேன்" என்றான்.

பத்தாம் நாள் பூவாயி வந்து இறங்கினாள். புருஷனின் தலையைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்க நேரம் இல்லை. முட்டை வந்துவிட்டது.

மரத்தில் இடம் இல்லாததால், கழிமுகத்துச் சேற்றில் நின்ற ஒரு பட்டுப்போன அடிமரத்தின் ஓட்டையில் அவள் முட்டையிட்டாள். ஐந்து முட்டை. பக்கத்து வளையில் இருந்த நண்டுகள் இடுக்கியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. சாத்தையன் இரவு பகலாக அவற்றை விரட்டினான். நண்டை விரட்ட முடிந்தது. தண்ணீரை விரட்ட முடியவில்லை. எட்டாம் நாள் பெருமழை பெய்தது. கடலும் ஏறியது. ஓட்டை நிறைந்தது. ஐந்து முட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வெளியே வந்து, கொஞ்ச தூரம் வரிசையாகப் போய், பிறகு மறைந்தன.

மறுநாள் துக்கம் கேட்க வீரணன் வந்தான். புளியமரத்துப் பொந்தில் தூங்கி எழுந்து, இறகு கலையாமல் வந்திருந்தான்.

"அடடா! என்ன தங்கச்சி இப்படி ஆயிடுச்சே! தேக்கு மரத்துல என் பழைய பொந்து சும்மாதானே கிடக்குது! தீர்ப்பு இருந்தா என்ன, யாருக்கும் தெரியாம உள்ள விட்டிருப்பேனே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பூவாயி நனைந்த இறக்கையோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க உங்ககிட்டச் சொல்றது இருக்கட்டும்ண்ணே. அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னைக்கு உங்களை மாமான்னு கூப்பிட அஞ்சு பேர் இருந்திருப்பாங்க."

வீரணன் பறந்துவிட்டான். அவன் பழைய பொந்தை மறுவாரமே ஒரு மீன்கொத்திக்கு வாடகைக்கு விட்டான்.

அதன்பின் சாத்தையன் அவன் முகத்தில் விழிக்கவே இல்லை. பல வருடம் கழித்து வீரணன் செத்துப் போனபோது தீவே கூடியது. சாத்தையன் மட்டும் சேற்றில் புழு குத்திக்கொண்டிருந்தான்.

தான் அடிபட்டுக் கற்றதைப் பின்னால் வருகிற தன் ஆளுக்குச் சொல்லாமல் மறைக்கிறவன், முதலில் அடித்தவனைவிடக் கொடியவன்.