பணிப்பாளர் ஏறாத படகு

கொழும்பிலிருந்து மணற்றீவின் நண்டுத் தொழிற்சாலைக்குப் புதுப் பணிப்பாளராகச் சிவகடாட்சம் வந்த மறுநாளே கடும் காற்று எழுந்தது. படகுகள் ஓடவில்லை. பொதி செய்த நண்டெல்லாம் தேங்கிக் கிடந்தது.

“காற்றைச் சாட்டுச் சொல்லாதீங்கோ! நாளைக்குச் சரக்குப் போகாட்டி ஒருத்தருக்கும் வேலை இல்லை. தலைமை எண்டால் முன்னுக்கு நிண்டு செய்து காட்டவேணும்!” என்று முழங்கினார்.

படகோட்டிகள் கொந்தளிக்கும் கடலைக் கைநீட்டிக் காட்டினார்கள். நண்டு கழுவும் எமில்டா மட்டும், “ஓம் ஐயா, அனுப்புவம்,” என்றாள்.

விடிந்ததும் பெட்டிகளைப் படகில் ஏற்றுவித்துவிட்டு, மிதவை அங்கி ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

“இது ஆருக்கு?”

“உங்களுக்குத்தான் ஐயா. நீங்கள் முன்னுக்கு இருங்கோ. நாங்கள் பின்னாலை வாறம்.”

அந்நேரம் பார்த்து ஓர் அலை இறங்குதுறைக்கு மேலால் ஏறி அவருடைய காலிலிருந்த தோல் சப்பாத்தை நனைத்தது.

“காற்று அடங்கட்டும்,” என்றார் மெல்ல. நண்டு கழுவும் பெண்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டார்கள்.

காற்று அடங்கும்வரை அழுகும் நண்டு நாற்றத்தோடு தீவிலேயே கிடந்தவர், அக்கரை சேர்ந்ததும் முதல் வேலையாகத் தீவுக்கு ஒரு குளிரறை கட்டுவித்தார். அதன் திறப்பு விழாவில், “இந்த நல்ல யோசனை எப்படி வந்தது?” என்று யாரோ கேட்டார்கள்.

பணிப்பாளர் எமில்டாவைப் பார்த்துச் சிரித்தார்.

“மூக்கு வழியா வந்தது!”