சிங்க முத்திரை வெப்பமானி

மணிமுத்தூர் அரண்மனையில் பட்டுக்கும் குறைவில்லை; விதிகளுக்கும் குறைவில்லை. அரண்மனைக்கு வாங்கும் எப்பொருளிலும் உள்ளங்கை அகலத்தில் சிங்க முத்திரை பொறித்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதல் விதி.

சாயச்சாலைக்கு இரண்டு வெப்பமானிகள் தேவைப்பட்டன. ஒன்று, சாயம் கொதிக்கும் கொப்பரைக்கு. மற்றொன்று, பட்டு உலரும் வெங்காற்று அறைக்கு. வணிகர், தலையில் சூடு காட்டும் முள் பதித்த இருவகைக் கோல்களை எடுத்து வைத்தார்.

“சாயம் அரிக்கும், அதற்குத் தடித்த பித்தளைக் கவசம் வேண்டும். காற்றுக்கு இந்த மெல்லிய கோல்தான் ஏற்றது.”

பண்டகசாலைத் தலைவர் பிறைசூடி முகம் சுளித்தார். “இந்த ஊசியில் சிங்கத்தின் மீசையைக்கூடப் பொறிக்க இயலாதே! இரண்டும் தடித்தவையாகவே இருக்கட்டும்.”

கொப்பரையில் குறையொன்றும் நேரவில்லை. உலர் அறையிலோ, இளவரசியின் திருமணப் பட்டு கருகிப்போயிற்று. அறையைக் கவனித்துவந்த உலகம்மை அவைக்கு இழுத்து வரப்பட்டாள்.

“முள் இளஞ்சூட்டைத்தான் காட்டியது, மகாராஜா. எனக்கோ அனல் அடித்தது. பண்டகசாலை ஐயாவிடம் சொன்னேன். ‘முள்ளைப் பார்த்து விறகு போடு’ என்று விரட்டினார்.”

“கருவி பொய் சொல்லுமா?” என்றார் பிறைசூடி. “இவள் உறங்கியிருப்பாள். நாடு கடத்துங்கள், அரசே!”

மன்னர் அதிவீரர் ஆணையிட வாய் திறந்தார். அதற்குள் அவைப்புலவர் செந்நாவலர் எழுந்தார்.

“பொறுத்தருள்க. உலர் அறையை நன்றாகச் சூடேற்றுவோம். பிறைசூடியார் இதே வெப்பமானியோடு உள்ளே அமரட்டும். முள் ‘கடுஞ்சூடு’ என்னும் கோட்டைத் தொட்டதும் வெளியே வரலாம்.”

“இவ்வளவுதானா?” என்ற பிறைசூடி, அவையோர் சூழச் சாயச்சாலைக்கு வந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

சிறிது நேரந்தான். “திறங்கள்! வேகிறேன்!”

புலவர் கதவின் கண்ணாடி வழியே முள்ளை நோக்கினார். “இளஞ்சூடுதான், ஐயா. இன்னும் இரண்டு விறகு வைக்கச் சொல்லட்டுமா?”

“ஐயோ, உயிர் போகிறது!”

“கருவி அப்படிச் சொல்லவில்லையே. உறங்கிக் கனவு காண்கிறீரோ?”

மன்னர் கையசைக்க, கதவு திறந்தது. பிறைசூடி சால்வையோடு ஓடிப் பட்டு அலசும் தொட்டியில் கழுத்தளவு அமர்ந்தார்.

“அரசே,” என்றார் புலவர், “கொப்பரையின் சாயநீர் கோலை இறுகத் தழுவித் தன் சூட்டை உடனே கொடுத்துவிடும். காற்றின் பிடி தளர்வானது. இத்தனை பித்தளையை அது சூடேற்றி முடிப்பதற்குள் பட்டு கருகிவிடும். பண்டகசாலைத் தலைவரும் வெந்துவிடுவார்.”

மன்னர் தலைகுனிந்து நின்றவளைப் பார்த்தார். “உலகம்மா, உன்மேல் குற்றமில்லை. புலவரே, இனி எந்தக் கருவியை வாங்குவது?”

“என்னைக் கேட்பானேன்? அனலில் நிற்பவள் தேர்ந்தெடுக்கட்டும்.”

உலகம்மை நிமிர்ந்தாள். “மெல்லியதுதான் வேண்டும், மகாராஜா. ஆனால் எதை வாங்கினாலும், முதலில் ஐயா உள்ளே இருந்து சோதித்துப் பார்க்க வேண்டும்.”

தொட்டியிலிருந்து இரு கைகள் கூப்பியபடி மேலே எழுந்தன.

“தாயே, நீ கைகாட்டும் எதையும் வாங்குகிறேன், உள்ளே மட்டும் அனுப்பிவிடாதே!”

மன்னர் மணிமுடி சரியச் சரியச் சிரித்தார்.