ஒரு பயறளவு பசை

கணினிப் பெட்டிக்குள் இருப்பவை எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வேலூரில் அஞ்சுகம் என்பவள் ஓர் அச்சகம் நடத்திவந்தாள். திருமண அழைப்பிதழானாலும் மஞ்சள் நீராட்டு விழாச் சுவரொட்டியானாலும் அவளுடைய ஒரே கணினியில்தான் உருவாகும்.

அந்தக் கணினியின் நடுவே ப்ராசஸர் இருந்தான். தீப்பெட்டியளவுகூட இல்லாத சதுரச் சில்லு. எழுத்து, படம், கணக்கு எல்லாவற்றையும் அவனே யோசித்தான். யோசிக்க யோசிக்கச் சூடானான். அவன் தலைமேல், அலுமினியத் தகடுகளை வரிசையாக நிறுத்தியதுபோல ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கடைத்தெருவில் அவளுக்கு ஹீட் சிங்க் என்று பெயர். சில்லுக்கு அவள் அக்கா. அவனுடைய சூட்டை வாங்கித் தன் தகடுகளில் பரப்புவது அவள் வேலை. அதை ஊதி வெளியே தள்ளுவது அவளுக்கு மேலே இருந்த விசிறியின் வேலை.

சில்லின் முதுகும் அக்காவின் அடிப்பாகமும் பார்வைக்குக் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தன. ஆனால் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று குடியிருந்தது. சில்லு சொல்வதை அக்காவிடமும், அக்கா சொல்வதைச் சில்லிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் காற்றுதான்.

இருவரும் பொழுதெல்லாம் பேசினார்கள்.

"அக்கா, இந்த மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி நாலு பட்டம் போடச் சொல்றாங்க. பொண்ணு பேரைவிட நீளமா இருக்கு."

"போடு, போடு. அதுல ரெண்டாச்சும் நெசமா இருக்கும்."

"ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசுங்க," என்று மேலிருந்து விசிறி முனகும். "நான் மட்டும் மூச்சு வாங்க ஊதுறேன். ஆனா ஊதுறதுக்கு இங்க சூடே வரல. எங்கதான் போகுது?"

சூடு எங்கேயும் போகவில்லை. சில்லிடமே தங்கியிருந்தது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அவன் அதை எப்படியோ பொறுத்துக்கொண்டான். கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள், ஒரு கோயில் திருவிழா அழைப்பிதழின் பாதியில் கணினி அணைந்துபோனது. மறுநாள் மறுபடியும் அணைந்தது.

அஞ்சுகம் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினாள்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"சுடுதும்மா. தாங்க முடியல."

"உன் அக்கா என்ன பண்றா?"

"எனக்கு எதுவும் வந்து சேரலையே," என்றாள் ஹீட் சிங்க். "அவன் பேசுறது கேக்குது. அவன் சூடு மட்டும் வரல."

அஞ்சுகம் இருவருக்கும் நடுவே இருந்த காற்றிடம் கேட்டாள். காற்று மறைக்காமல் பதில் சொன்னது. "பேச்சை நான் கொண்டுபோவேன். சூட்டைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

அஞ்சுகம் சில்லைப் பார்த்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம் இல்லை. ஆனால் திருவிழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. "இதோ பாருடா, இன்னும் ஒரு தடவை நீ சூட்டுல விழுந்தா எழுந்திருக்க மாட்ட. உன்னைக் காயலான் கடைக்கு அனுப்பிட்டு வேற ஒருத்தனைத்தான் கொண்டாரணும். அதுக்கு முன்னாடி ஏதாச்சும் வழி கெடைக்குதான்னு பார்க்கிறேன்."

உதிரிபாகக் கடையில் அவளுக்கு ஊசிக்குழல்போன்ற ஒரு சிறு குழாய் கிடைத்தது. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒருவன் இருந்தான். சூட்டைக் கடத்துபவன் என்று கடைக்காரர் சொன்னார். பெயர் கேட்டபோது, "பசை" என்றார்.

அந்தப் பெயர்தான் அஞ்சுகத்தைத் தவறான வழியில் கொண்டுபோனது. அச்சகக்காரிக்குத் தெரியாத பசையா? மைதா மாவைக் காய்ச்சிச் சுவரொட்டிக்குத் தடவுவதில் அவளுக்கு இருபது வருடப் பழக்கம். கையைச் சுருக்காமல் தடவினால்தான் சுவரொட்டி மழைக்கு நிற்கும். ஆகவே அவள் ஹீட் சிங்க்கைக் கழற்றி, குழாயை அழுத்திப் பிதுக்கி, சில்லின் முதுகு முழுவதும் தூரிகையால் மேலும் கீழும் கனமாகப் பூசினாள். ஒட்டிக் காயட்டும் என்று அரை நாள் மின்விசிறியின் கீழ் வைத்துவிட்டு, அதன் பிறகு அக்காவை எடுத்து மேலே வைத்து அமுக்கினாள்.

"கம்பெனியிலேர்ந்தே ஒண்ணா வந்தவங்க நாங்க," என்றாள் ஹீட் சிங்க், நடுவில் வந்தவனைப் பார்த்து. "நீ யாருப்பா, கடையிலேர்ந்து வந்து எங்க நடுவுல பாய் விரிச்சுப் படுக்கிற?"

"நானாவா படுத்தேன்? மெத்தை மாதிரி என்னை அடுக்கிட்டாங்க," என்றான் பசை. "அம்மா கொஞ்சம் கேளுங்க. ஒட்டுறது என் வேலை இல்ல. எனக்குள்ளேயே இப்ப காத்து குமிழ்குமிழா மாட்டிக்கிட்டிருக்கு."

கணினி ஓடத் தொடங்கியிருந்ததால் அஞ்சுகத்தின் காதில் அது விழவில்லை. கால் மணி நேரத்தில் சில்லின் குரல் தேய்ந்தது. "அக்கா, எழுத்தெல்லாம் கலங்குது," என்றான். விசிறி தன்னால் முடிந்தவரை கூச்சலிட்டது. அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் அஞ்சுகம் ஓடிவந்து, அவன் விழுவதற்கு முன்னால் தானே கணினியை நிறுத்தினாள்.

இந்த முறை அவள் பசையைப் பேசவிட்டாள்.

"என்னை மொத்தமா வழிச்செடுங்க," என்றான் அவன். "ஸ்பிரிட் தொட்டுத் துணியால ரெண்டு பேரையும் சுத்தமாத் துடைங்க. ஒட்ட வைக்கிறதுக்கு என்னைத் தடவாதீங்க. பள்ளத்தை நிரப்புறதுக்கு மட்டும் வைங்க. நான் மெல்லிசா இருந்தா சூட்டுக்கு வழி. கனமா இருந்தா நானே சுவர்."

அஞ்சுகம் துடைத்தாள். பிறகு குழாயைத் தூக்கிப் பார்த்தாள். முழுதும் தீர்ந்திருந்தது. முனையில் மட்டும் ஒரு பச்சைப்பயறின் அளவு மிச்சமிருந்தது.

"இவ்வளவுதான் இருக்கு," என்றாள்.

"இவ்வளவுதான் வேணும். நடுவுல வெச்சு, அக்காவை நேராக் கீழே இறக்குங்க. அவங்க எடையிலேயே நான் பரவிடுவேன்," என்றான் பசை. "ஆனா ஒண்ணு. நான் எல்லாப் பள்ளத்துலயும் நிறைஞ்சா காத்து வெளியே போயிடும். காத்து போனா இவங்க பேச்சும் போயிடும். அப்புறம் இவங்க பேசவே முடியாது."

கழன்று கிடந்த அக்காவைச் சில்லு பார்த்தான்.

"வேணாம்மா," என்றான் சில்லு. "நான் மெதுவா யோசிக்கிறேன். படம் ஏதும் குடுக்காதீங்க. எழுத்து மட்டும் குடுங்க. சமாளிச்சுக்கிறேன்."

"எத்தனை நாளைக்குடா?" என்றாள் அஞ்சுகம்.

ஹீட் சிங்க்தான் பேசினாள்.

"என்னை இறக்குங்கம்மா."

"அக்கா, பேசாம எப்படி இருக்கிறது? நீ இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் சூடு குறையும் பாரு, அப்ப தெரியும். உன் சூடு என் மேல ஏறுறப்ப நீ உசுரோட இருக்கன்னு எனக்குத் தெரியும். இத்தனை நாளும் உன் பேச்சைத்தான் கேட்டேனே தவிர, உன் சுமையில ஒரு துளிகூட வாங்கல."

அஞ்சுகம் பயறளவு பசையை நடுவில் வைத்தாள். அக்காவைச் சாய்க்காமல் நேராக இறக்கினாள். நான்கு மூலைத் திருகாணிகளையும் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, சிறிது சிறிதாக முறுக்கினாள். பசை விரிந்தது. காற்று விளிம்பு வழியாக ஒதுங்கி வெளியேறியது.

"அக்கா," என்றான் சில்லு, கடைசித் திருகாணி திரும்பும்போது. "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், நான் வந்து—"

திருகாணி இறுகியது.

அஞ்சுகம் கணினியை இயக்கினாள். சில்லின் முதுகிலிருந்து சூடு பசையின் வழியாக ஏறி, அக்காவின் தகடு ஒவ்வொன்றிலும் பரவியது. அவன் முடிக்காத வாக்கியமும் அதில் இருந்திருக்கலாம். அவள் அதை வாங்கிக்கொண்டாள். விசிறிக்கு முதல் முறையாக ஊதுவதற்குச் சூடு கிடைத்தது. திருவிழா அழைப்பிதழ் அன்று மாலைக்குள் அச்சுக்குப் போனது.

அன்று முதல்தான் ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையில் பயறளவுக்கு மேல் பசை வைப்பதில்லை. அது காய்ந்துபோனால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கிறார்கள். அன்று முதல்தான், தாங்க முடியாத சூடு வந்தால் கணினி யாரிடமும் ஒரு சொல்லும் சொல்லாமல் அணைந்துவிடுகிறது. சொல்வதற்கு அதனிடம் காற்று இல்லை.