கணீரென்ற பெட்டியும் தொப்பென்ற பெட்டியும்

நாவல் காட்டில் ஒரு கரடி பாட்டுக்குழு வைத்திருந்தது. பெயர் மலையாண்டி. குழுவுக்குத் தலைவரும் அதுதான், டிரம் அடிப்பதும் அதுதான். பாடுவதற்குப் பூவரசி என்று ஒரு மைனா. ஒயர் மாட்டி, மைக் வைத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு முள்ளம்பன்றி. வண்டி இழுக்கவும் சாமான் ஏற்றி இறக்கவும் ஒரு கழுதை, பெயர் சடையன். நாலே பேர்தான். ஆனால் கிளம்புகிற அன்றைக்கு நாற்பது பேர் கிளம்புவது போல இரைச்சல் போடுவார்கள்.

மைனாவுக்கு ஒரு குறை. போன பனிக்காலத்தில் தொண்டை கட்டியது, கட்டியது கட்டியதுதான். பாட்டு என்னவோ தேன். ஆனால் குரல் நாலு மரத்தைத் தாண்டாது. கடைசியாகப் பாடிய இடத்தில் பின்வரிசைப் பன்றிகள், "பாடுதா, கொட்டாவி விடுதா?" என்று கேட்டுவிட்டன. மைனா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அதனால்தான் குழு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கியது. சின்னக் குரலைப் பெரிய குரலாக்கும் மிஷின். வாங்கிய கையோடு யானைக் கூட்டத்திலிருந்து கல்யாணக் கச்சேரிக்கு அழைப்பும் வந்தது. அழைக்க வந்த கொக்கு ஒரு நிபந்தனையும் சொல்லிவிட்டுத்தான் போனது. கடைசி வரிசை வரைக்கும் பாட்டுக் கேட்க வேண்டுமாம். கேட்காவிட்டால் அடுத்த கல்யாணத்திலிருந்து தவளைக் குழுவைக் கூப்பிடுவார்களாம். தவளைகளுக்கு மைக்கே வேண்டாம், அது காட்டுக்கே தெரியும்.

யானைகள் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். வழி முழுக்கச் சரளைக்கல். மிஷினைச் சாக்கில் சுற்றியா கொண்டுபோவது? நல்ல பெட்டி வேண்டும். கல்யாணத்தன்று காலையில் கிளம்பி, போகிற வழியில் குளத்தங்கரை ஆமையின் பட்டறையில் வண்டியை நிறுத்தினார்கள். முந்தின நாளே வாங்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். பாட்டுக்குழுக்காரர்கள் எதையும் முந்தின நாள் செய்ததில்லை.

ஆமையிடம் இரண்டு பெட்டிகள் தயாராக இருந்தன. ஒன்று மெல்லிய பலகை, மேலே பளபளவென்று வார்னிஷ். இன்னொன்று தடித்த பிளைவுட். ஓரமெல்லாம் அலுமினியப் பட்டை, எட்டு மூலைக்கும் இரும்புக் குமிழ், முன்னும் பின்னும் திறக்கிற மூடி, கீழே நாலு சக்கரம். உள்ளே மிஷினைத் திருகி முடுக்க இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், சுற்றிலும் ஸ்பாஞ்சு. நிறம் மட்டும் எருமைக்கு அண்ணன்.

ஆமை மெதுவாகத்தான் பேசும். மிஷினுக்கு அளவு என்ன, பின்னால் ஒயர் குத்துகிற இடத்துக்கு நாலு விரல் சேர்த்துச் சொன்னீர்களா, போகிற வழி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. பளபளப் பெட்டி வீட்டுக்குள் ஒரே இடத்தில் வைத்துக்கொள்கிறவர்களுக்கு என்று சொல்ல ஆரம்பித்தது. அதற்குள் கரடிக்குப் பொறுமை போய்விட்டது.

கரடி தடித்த பெட்டியை விரலால் தட்டியது. தொப்.

மெல்லிய பெட்டியைத் தட்டியது. கணீர்!

கரடியின் காது நிமிர்ந்தது. இரண்டு கையாலும் வாசித்தே பார்த்துவிட்டது. தவில் தோற்றது போங்கள். மைனா தலையை ஆட்டியது. முள்ளம்பன்றி கண்ணை மூடிக்கொண்டு, "சுருதி நிக்குதுண்ணே" என்றது.

"நல்ல பொருள்னா தட்டினா பேசணும்," என்றது கரடி. "அந்தக் கறுப்பு ஊமை. இதை ஏத்துங்க."

கழுதை மட்டும் நகரவில்லை. "அண்ணே, ஒரு தடவை வண்டியிலேருந்து கீழ தள்ளிப் பாத்துருவோம். வழியில விழத்தானே போவுது."

கரடிக்கு வந்ததே கோபம். பாட்டுக்காரர்கள் சாமான் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள். அதைப் பிடித்துத் தள்ளுவதா? "ஏண்டா சடையா, மத்தளத்தை மலையிலேருந்து உருட்டிப் பாத்தா வாங்குறோம்?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஆமை சொல்லிக்கொண்டிருந்தது யார் காதிலும் ஏறவில்லை. மிஷினை உள்ளே வைத்து, மூடி, பெட்டிக்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்துக் கிளம்பிவிட்டார்கள்.

சரளைக்கல் ஏற்றம் வந்தது. வண்டி குலுங்கக் குலுங்கப் பெட்டியிலிருந்து டங், டங் என்று சத்தம் வந்தது. கரடிக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"கேட்டியா பூவரசி, நம்ம பெட்டி தாளம் போடுது!"

கரடி தொடையில் தட்ட, மைனா கூடவே பாட, முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துச் சலங்கை கொடுக்க, வண்டியிலேயே கச்சேரி நடந்தது. கழுதை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. தாளம் போட்டது பெட்டி இல்லை. திருகி முடுக்க வழியில்லாத மிஷின் உள்ளே அங்குமிங்கும் ஓடிப் பலகையில் முட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வளைவில் ஒரு பெரிய கல். வண்டி ஏறி இறங்கியது. தாளம் நின்றது. பார்த்தால், பெட்டியின் ஒரு பக்கம் பிளந்து மிஷின் குப்புறக் கிடந்தது.

முள்ளம்பன்றி மிஷினின் மூடியைக் கழற்றிப் பார்த்தது. உள்ளே இரண்டு ஒயர் அறுந்திருந்தன. ஈயம் வைத்து ஒட்டிவிடலாம் என்றது. ஆனால் இன்னும் பாதி வழி சரளைதான், இன்னொரு அடி பட்டால் தன்னால் ஆகாது என்றும் சொல்லிவிட்டது.

மைனா வண்டி நுகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அழவில்லை.

"நீங்க டிரம்முண்ணே. மைக் இல்லாட்டியும் உங்களக் கேக்கும்," என்றது. "எனக்கு இந்த மிஷின்தாண்ணே தொண்டை."

கரடி பிளந்த பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தது. விரல் கனம்கூட இல்லை. காலையிலும் அவ்வளவுதான் இருந்தது, காது கேட்ட கேட்பில் கண் பார்க்கவில்லை. பிறகு கழுதையிடம் வண்டியைத் திருப்பச் சொன்னது. மைனாவும் முள்ளம்பன்றியும் மிஷினோடு ஒரு புங்க மரத்தடியில் இறங்கிக்கொண்டார்கள்.

ஆமை இவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. உடைந்த பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "தள்ளிப் பாக்கறியளா?" என்று மட்டும் கேட்டது.

"நானே தள்ளுறேன்," என்றது கரடி.

கழுதை எங்கிருந்தோ ஒரு பழுத்த சீத்தாப்பழத்தைக் கொண்டுவந்து ஸ்பாஞ்சுக்கு நடுவில் செருகியது. தொட்டாலே பிதுங்குகிற பழம். கரடி கறுப்புப் பெட்டியைக் கரை மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே தள்ளு!

பெட்டி நாலு குட்டிக்கரணம் போட்டு, கீழே பாறையில் மோதி நின்றது. ஓடிப் போய்த் திறந்தார்கள். மூலைக் குமிழ் ஒன்றில் சின்னக் கீறல். கொக்கி விடவில்லை, சட்டம் அசையவில்லை. சீத்தாப்பழம் முழுசாக இருந்தது. கரடி அதை எடுத்து அங்கேயே தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "ஏத்துடா சடையா" என்றது.

பெட்டி நல்ல கனம். ஏற்றத்தில் கழுதை இழுக்க, கரடி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. புங்க மரத்தடிக்கு வந்தபோது ஒயர் இரண்டும் ஒட்டித் தயாராக இருந்தது. முள்ளம்பன்றி மிஷினை உள்ளே ஏற்றி நாலு திருகையும் முடுக்கியது. மிச்ச வழி முழுக்க வண்டி குலுங்கியது, பெட்டி வாயே திறக்கவில்லை. கரடியும் தாளம் போடவில்லை. காதைப் பெட்டியின் மேலேயே வைத்துக்கொண்டு வந்தது.

கல்யாணப் பந்தலில் நூறு யானைகள் கரும்பு மென்றுகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. முள்ளம்பன்றி முன்மூடியையும் பின்மூடியையும் திறந்து ஒயரைக் குத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. மைனா கண்ணை மூடி முதல் அடியை எடுத்தது.

முன்வரிசையில் மெல்லுகிற சத்தம் நின்றது. நடுவில் நின்றது. பாட்டு முடிவதற்குள் கொக்கு தலைகுனிந்தபடி மேடைக்கு ஓடி வந்தது. கடைசி வரிசையில் மாப்பிள்ளையின் சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்தாராம்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொன்னாங்க. காது அடைக்குதாம்."

மைனாவுக்கு இறகெல்லாம் பூத்தது. முள்ளம்பன்றியைப் பார்த்து, குறைக்காதே என்று கண்ணைக் காட்டிவிட்டு, அடுத்த பாட்டை இன்னும் ஒரு படி மேலே எடுத்தது.

ஒரு பொருள் எந்த அடியைத் தாங்க வேண்டுமோ, அந்த அடியைக் கொடுத்துப் பார்த்துத்தான் அதை நம்ப வேண்டும். நம் மனசுக்கு இனித்தது என்பதற்காக நம்பக் கூடாது.